கோட்டில் உட்கார்ந்த புள்ளிகள்

ஏற்காட்டில் புதிதாக ஒரு சோதனைக்கூடம் திறந்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வடை நன்றாக இருந்தது. காபிதான் வெறும் தண்ணீர். சுற்றிலும் காபித் தோட்டத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு காபியைப் போட எப்படித்தான் மனசு வருகிறதோ. அது கிடக்கட்டும். அங்கே, செடிக்குத் தெளிக்கும் மருந்தின் துளியை அளக்கிற மிஷின் ஒன்று வைத்திருந்தார்கள். அதில் வேலை பார்க்கும் பெண் ஆசையாகக் காட்டினாள்.

"பாட்டி, இதுல நீங்க ஒண்ணுமே திருக வேண்டாமுங்க. பட்டனைத் தட்டினா மிஷினே தன்னைச் சரி பண்ணிக்கும்."

"சரி பண்ணிக்கிச்சுன்னு நீ எப்படி கண்ணு தெரிஞ்சுக்குவ?"

"பச்சை லைட்டு எரியுமுங்க."

"படம்?"

"படமெல்லாம் உள்ள எங்கியோ இருக்குதுங்க. யாரும் பாக்கறதில்லீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சை விளக்கைப் பார்த்து பஸ்ஸை ஓட்டலாம். துளியை அளந்துவிட முடியுமா? யார் சரி என்று சொன்னால் அந்த விளக்கு எரிகிறது? பேச மைக் கொடுத்தார்கள், அதையே கேட்டேன், எங்கள் பழைய மிஷின் கதையையும் கொஞ்சம் சொன்னேன். அந்தப் பெண்தான் முதலில் கைதட்டினாள். "அந்தக் கதைய முழுசா எழுதிக் குடுங்க, விழா மலர்ல போடறோம்" என்றாள்.

எழுத எனக்கு எங்கே தெரியும்? நான் சொல்கிறேன், பக்கத்து வீட்டு டீச்சர் எழுதுகிறார். நான் ஊடு என்றால் அவர் வீடு என்று போடுகிறார். நொம்ப என்றால் ரொம்ப என்று போடுகிறார். போடட்டும். ஆனால் ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போட வேண்டும், விஷயத்தை மாற்றினால் எங்கள் கொடியில் காய்க்கும் சௌசௌ இனிமேல் உங்கள் வீட்டுக்கு வராது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் பெயர் சின்னப்பொண்ணு. தலைச்சோலைக்காரி. எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தேன், பழம் பறித்தேன், களை வெட்டினேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அதையெல்லாம் விரித்துச் சொன்னால் டீச்சருக்குக் கை வலிக்கும். எண்பதுகள் முடியப்போகும் சமயத்தில், காபிப் பழத்தைத் தோலுரிக்கும் பழைய கொட்டகை ஒன்றுக்கு வெள்ளையடித்து, மருந்தடிக்கும் கருவிகளைச் சோதிக்கும் இடமாக மாற்றினார்கள். தோட்டக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்குச் சொந்தமான இடம். அங்கே பெருக்கித் துடைக்கப் போனேன். என்ன துடைத்தாலும் அந்தச் சுவரில் காபித்தோல் புளித்த வாசனை கடைசிவரை போகவில்லை. எனக்கு அது பிடிக்கும்.

அந்த இடத்துக்குப் பெரியவர் எஸ்தர் மேடம். பெரியவர் என்றால் பதவியில்தான், வயதில் என்னைவிடச் சின்னவர். சர்ச்சுக்குப் பின்னால் வீடு. வெளியூரில் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு, எனக்குக் குளிர்தான் ஒத்துக்கொள்ளும் என்று மலைக்கே திரும்பி வந்துவிட்டார். யாராக இருந்தாலும் ஒரே மரியாதை. வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட, "ஏனுங்க, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். நாயும் தள்ளிப் படுக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒன்றை மறுக்க வேண்டும் என்றால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். கைக்குட்டையை எடுத்து, ஒரு பக்கம் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபக்கம் துடைத்து, மாட்டிக்கொண்டு, பிறகுதான் "முடியாதுங்க" என்பார். கண்ணாடியில் கை போனதுமே எங்களுக்குத் தெரிந்துவிடும், எதிரே இருப்பவருடைய ஆசை அவ்வளவுதான் என்று.

மிஷினைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து இரண்டு சிவப்பு வெளிச்சக் கோடுகள் வரும். கொட்டகை நடுவில் ஊசிமுனை போன்ற ஒரு இடத்தில் இரண்டும் குறுக்காக வெட்டிக்கொள்ளும். அந்த இடத்தின் வழியாக ஒரு துளி விழுந்தால் மினுக்கென்று மின்னும். எதிர்ப்பக்கம் சாய்வாக ஒரு பெட்டி நிற்கும். அதற்குள் மூன்று கண்கள். மூன்றும் அந்த மினுக்கத்தைப் பார்த்து, துளி எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாகப் போனது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் ஒரு துளிக்கு ஒரு புள்ளி வைக்கும்.

பெட்டி ஒரு மூலையில், கம்ப்யூட்டர் ஒரு மூலையில். மேடம் பெட்டித் திருகாணியில் ஒரு திருகு, திரையில் ஒரு பார்வை என்று ஓடிக்கொண்டே இருப்பார். ஒருநாள் மூச்சு வாங்க நின்று, "சின்னப்பொண்ணுங்க, நான் சொல்றப்ப இந்தத் திருகாணியைக் கொஞ்சமாத் திருகுங்க" என்றார். காம்பு நோகாமல் பழத்தை மட்டும் திருகி எடுத்த விரல் இது. சொன்னபடி திருகிற்று. கொஞ்ச நாளில் மேடம் சொல்வதற்கு முன்பே திருக ஆரம்பித்துவிட்டேன். அவர் திட்டவில்லை. கம்ப்யூட்டர் மேசையை இழுத்து, திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

காலையில் வந்ததும் மிஷினைப் போட்டுவிட வேண்டும். அது குளிர் விடுவதற்குள் நாங்கள் இட்லி சாப்பிட்டு முடிப்போம். பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் காட்டினால், புகையில் இரண்டு சிவப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் தெரியும். ஊதுபத்தி சாமிக்கா மிஷினுக்கா என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். இரண்டுக்கும்தான் என்பேன். புகை அடங்கியதும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கண்ணாடிகளைத் துடைக்க வேண்டும். முந்தானையால் துடைத்தால் அன்றைக்கு மேடம் பேசவே மாட்டார். பிறகு நல்ல நாசில். அதாவது, எப்படித் தெளிக்கும் என்று எங்களுக்கு அத்துப்படியான ஒரு பித்தளை மூக்கு. அதை டிபன் பாக்ஸில் துணி சுற்றி வைத்திருப்போம். அதில் வெறும் தண்ணீரைத் தெளித்துப் படம் பார்க்க வேண்டும்.

படம் மூன்று. முதல் படத்தில், பெரிய துளி அதிகமாக மின்னும், சின்னத் துளி மங்கலாக மின்னும். அதனால் புள்ளிகள் எல்லாம் கீழிருந்து மேலே, மலையேறி வரும் குப்பனூர் ரோட்டைத் தூரத்திலிருந்து பார்த்த மாதிரி ஒரே பட்டையாக வளைந்து ஏற வேண்டும். பெட்டி கொஞ்சம் விலகிப் பார்த்தாலும் பட்டையின் அடிப்பக்கம் வழுக்கையாகிவிடும். சின்னத் துளிதானே முதலிலேயே மங்கல், அதுதான் முதலில் காணாமல் போகும். இரண்டாவது படத்தில், மூன்று கண்களும் ஒரே பேச்சுப் பேசினால் புள்ளிகள் சாய்ந்த ஒரு கோட்டில் உட்காரும். சண்டை போட்டால் கொட்டின ராகி மாதிரி சிதறும். மூன்றாவது படம் துளியின் வேகம்.

"கோட்டுல உட்காந்துச்சுங்களா?" என்பார் மேடம்.

"உட்காந்துச்சுங்க" என்பேன்.

அதற்கப்புறம்தான் அன்றைய வேலையே தொடங்கும். சரி பண்ணின படத்தைத் தாளில் எடுத்து, யார் திருகினார்களோ அவர்கள் அடியில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மேடம் வைத்த வழக்கம். முதல்நாள் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "எனக்குக் கையெழுத்து வராதுங்களே" என்றேன். அவர் மைப்பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"திருகின வெரல்தானுங்களே. அதையே வைங்க."

வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் கூடத்திலிருந்து வெளியே போன ஒவ்வொரு படத்தின் அடியிலும் என் பெருவிரல் இருக்கும்.

இப்போது அந்த நாசில் கதைக்கு வருகிறேன். கீழே ஊரிலிருந்து ஒரு கம்பெனி புது நாசில் கொண்டுவந்தது. பாதி மருந்திலேயே முழு இலையும் நனையும் என்றார்கள். எங்கள் சங்கம் நல்லது என்று எழுதிக் கொடுத்தால் மலையில் இருக்கும் அத்தனை தோட்டத்திலும் அதுதான். சங்கத்து செக்ரட்டரிக்கு அதில் நிரம்ப ஆர்வம். கம்பெனிக்காரர்கள் புதுக் கட்டடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மருந்து டேங்கைத் தோளில் சுமந்து அடிப்பது யார்? பெண்கள்தான். என் தங்கச்சி பாப்பாத்தி அதில் ஒருத்தி. அவள் வேலை பார்க்கும் தோட்டத்தில் அந்தப் புது நாசிலை மாட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பழைய நாசில்ல மருந்து சொட்டும், தோளெல்லாம் நனையும். இதுல ஒண்ணுமே நனையலக்கா. ஆனா நாக்கு கசக்குது."

"வாயத் தொறந்துட்டு அடிச்சியாக்கும். நீ எப்ப வாய மூடின?"

"வெளையாடாதக்கா. துண்டு கட்டிட்டுத்தான் அடிச்சேன். மேஸ்திரிகிட்டச் சொன்னா சிரிக்கறாரு. நனையாத மருந்து நாக்குக்கு எப்படிப் போகும், வேல செய்யாம இருக்கப் பொய் சொல்றேங்கறாரு."

இருமினாள். அவள் பொய் சொல்லுவாள், இல்லை என்று சொல்லமாட்டேன். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு லீவு எடுக்க எத்தனை பாட்டியைச் சாகடித்திருக்கிறாள் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் இந்த இருமல் பொய்யில்லை.

மறுவாரம் அதே நாசில் எங்கள் கூடத்துக்குச் சோதனைக்கு வந்தது. கூடவே டை கட்டின கம்பெனி இன்ஜினியர், பக்கத்திலேயே செக்ரட்டரி. காலையில் நல்ல நாசிலில் படம் பார்த்து, மை வைத்தாகிவிட்டது. பிறகு புது நாசிலை மாட்டித் தண்ணீரைத் திறந்தோம். திரையில் புள்ளிகள் விழ விழ நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பெரிய துளியே குறைவு. எல்லாம் கீழ் முனையில் பொடிப் பொடியாகக் குவிந்தன.

இன்ஜினியர் உடனே சொன்னார், "மேடம், உங்க மிஷின் செட்டிங் சரியில்ல. அதான் பொடியாக் காட்டுது."

மேடம் இரண்டாவது படத்தைக் காட்டினார். "ஏனுங்க, செட்டிங் கெட்டுச்சுன்னா புள்ளி கோட்ட உட்டு ஓடுமுங்க. இதெல்லாம் கோட்டுமேலயே உட்காந்திருக்குது பாருங்க. பொடியா இருந்தாலும் நெசமான துளிங்க."

"அப்ப இது உங்க ஊர்ப் பனி. சன்னல் வழியா வருது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றைக்குச் சன்னலுக்கு வெளியே மரம் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பனி கேட்காமல் அடுப்படிவரை வரும். மேடம் தண்ணீரை மூடச் சொன்னார். காத்திருந்தோம். மூன்றாவது படத்தில், அடியில் தரையோடு தரையாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் வந்தன. வேகமே இல்லை. மறுபடி தண்ணீரைத் திறந்தார். பொடிப் புள்ளிகள் கூட்டமாக மேலே எழும்பின.

"பனி நடந்து வருமுங்க" என்றார் மேடம். "இது ஓடி வருது."

இன்ஜினியர் காலையில் எடுத்த தாளைக் கையில் எடுத்தார். அடியில் என் விரலைப் பார்த்தார். "இதென்ன, கைநாட்டு ரிப்போர்ட்டா?" என்று சிரித்தார்.

"உங்க டை கூடத்தான் கோணலா இருக்குதுங்க. நான் ஏதாச்சும் கேட்டனுங்களா?" என்றேன்.

மேடம் இருமுவது மாதிரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். செக்ரட்டரிதான், "சாப்பிட்டு வந்து இன்னொருக்கா பாத்துருவோம்" என்று முடித்து வைத்தார்.

மேடம் சாப்பிட வீட்டுக்குப் போனார். நான் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். செக்ரட்டரி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். சின்னத் துளியை எப்படிக் காணாமல் பண்ணலாம் என்று அதற்குள் இன்ஜினியர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார் போல.

"சின்னப்பொண்ணு, எத்தன வருசமா தினக்கூலியா இருக்கிற? உன்ன நிரந்தரம் பண்றது எங் கையில இருக்குது. அந்தப் பெட்டித் திருகாணிய ஒரு நூல் திருகி உடு. யாருக்குத் தெரியப்போகுது?"

நிரந்தர வேலை என்றால் என்ன என்று என் மாதிரி ஆளிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் பயமில்லாமல் படுக்கலாம். நான் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நிரந்தரம் வேணுமுங்க. நொம்ப வேணுமுங்க. ஆனா எந் தங்கச்சி நாக்கு கசக்குதுங்களே."

"நாக்கா? என்ன உளர்ற?"

அவருக்குப் புரியவில்லை. அவரே போய்த் திருகாணியைத் திருகினார். ஒரு நூல் இல்லை, முறுக்குப் பிழிவது மாதிரி திருகினார்.

"திருகுங்க" என்றேன். "படம் சொல்லிப்போடுமுங்க."

"படம் பேசுமா?" என்று சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

மேடம் வந்தார். புது நாசிலைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஜினியர் தயாராக நின்றார். மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து நல்ல நாசிலை எடுத்தார்.

"அது காலைலயே பாத்தாச்சேம்மா" என்றார் செக்ரட்டரி.

"ஒரு வாய் காபி குடிக்க வெளிய போய்ட்டு வந்தாலும் ஒருக்கா பாத்துக்குவனுங்க. பழக்கமுங்க."

தண்ணீர் திறந்தது. முதல் படத்தில் குப்பனூர் ரோட்டைக் காணோம். மேல்பாதி கந்தலாகத் தொங்கியது. அடிப்பாதி வழுக்கை. காலையில் அதே நாசிலில் சின்னத் துளிகள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மேடம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பக்கம் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபக்கம் துடைத்தார்.

"திருகாணியத் தொட்டது யாருங்க?"

இன்ஜினியர் செக்ரட்டரியைப் பார்த்தார். நான் பேசினேன்.

"செக்ரட்டரி ஐயாவுங்க. என்னியத்தான் திருகச் சொன்னாருங்க, நிரந்தரம் பண்றேன்னாருங்க. நான் மாட்டன்னதும் அவரே திருகிட்டாருங்க."

செக்ரட்டரி முகம் கறுத்துவிட்டது. "ஒரு கைநாட்டு பேச்சக் கேட்டுட்டு என்னைய நிக்க வெச்சுக் கேக்கறீங்களா?"

"நான் யாரு பேச்சையும் கேக்கலீங்க. படத்தப் பாத்தேனுங்க" என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பி, "சின்னப்பொண்ணுங்க, கோட்டுக்குக் கொண்டாங்க" என்றார்.

அந்த ஒரு தடவை திருகினதை மட்டும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முதலில் மேல்-கீழ் திருகாணி. கந்தல் பட்டை மெதுவாக ஒன்றுசேர்ந்தது. பிறகு பக்கவாட்டு. கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, திருப்பிக் கொண்டுவந்தேன். அடிமுனையில் ஒரு புள்ளி வந்தது. இன்னும் சில. பிறகு மழைக்கு முன்னால் ஈசல் கிளம்புகிற மாதிரி குபுகுபுவென்று சின்னப் புள்ளிகள் எல்லாம் வீடு திரும்பின. இரண்டாவது படத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டில் போய் உட்கார்ந்தன. எதிரே அவ்வளவு கோபமாக ஆட்கள் நிற்கும்போது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சந்தோஷத்தை எப்படி அடக்குவது?

புது நாசிலை மாட்டினோம். காலையில் வந்த அதே படம்தான் வந்தது. பொடிக் குவியல். அதைத் தாளில் எடுத்து அடியில் விரல் வைத்தேன்.

"இந்த ரிப்போர்ட்டுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். என் கையெழுத்து இல்லாம இது இந்த ரூமைத் தாண்டாது" என்றார் செக்ரட்டரி.

மேடத்தின் கை மறுபடி மூக்குக்கண்ணாடிக்குப் போனது. ஆனால் கழற்றவில்லை, சரியாக மாட்டிக்கொண்டார்.

"ரூமைத் தாண்டாட்டிப் போகுதுங்க. ரூமுக்குள்ள வர்றதுக்கு யாருக்கும் தடை இல்லீங்களே?"

அவர்கள் இருவரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். மேடம் என்னைத் தலைச்சோலைக்கு அனுப்பினார். வேலை விட்டதும் மருந்தடிக்கும் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். புடவைக்கு மேலே வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முழங்கைவரை மருந்துக் கறை. சர்ச்சுக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். மேடம் முதலில் நல்ல நாசிலைக் காட்டினார், பிறகு புதியதைக் காட்டினார். ஒரு துளிக்கு ஒரு புள்ளி என்று மட்டும் நான் சொன்னேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பாப்பாத்தி திரைக்குப் பக்கத்தில் போய் அந்தப் பொடிக் குவியலுக்கு நேரே விரலை நீட்டினாள்.

"ஏனுங்க மேடம், இதெல்லாம் எங்கீங்க போகுது? இலைக்குங்களா?"

"கொஞ்சம் போகுமுங்க. மீதி கீழ விழாம மெதக்கும். நீங்க மூச்சு இழுத்தா உள்ள வந்துருமுங்க."

"அப்ப எந் நாக்கு பொய் சொல்லலீங்களே?"

"இல்லீங்க" என்றார் மேடம். "உங்க நாக்கு சொன்னதத்தான் இதுவும் சொல்லுதுங்க."

பாப்பாத்தி நீட்டிய விரலை மடக்கினாள். பிறகு, "அக்கா, அந்த மைப்பெட்டிய எடு" என்றாள்.

புது நாசில் படத்தின் அடியில் என் விரலுக்குப் பக்கத்தில் அவள் விரலை வைத்தாள். அடுத்து ஒருத்தி, அதற்கடுத்து ஒருத்தி. செக்ரட்டரி கையெழுத்துக்காக விட்டிருந்த வெற்றிடம் முழுக்க நிரம்பிவிட்டது. மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் புது நாசில்களை எல்லாம் கழற்றி, அந்தத் தாளையும் சேர்த்து மேஸ்திரி மேசையில் வைத்தார்கள். "இத மாட்டினா டேங்கு தோள்ல ஏறாதுங்க" என்று பாப்பாத்திதான் பேசினாளாம். மேஸ்திரி சிரிக்கவில்லையாம். சேதி அடுத்த தோட்டத்துக்குப் போனது, அதற்கடுத்த தோட்டத்துக்கும் போனது. அந்த நாசிலை வேறு எந்த மலையில் விற்றார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் மலையில் ஒரு தோளிலும் ஏறவில்லை.

புதுக் கட்டடம் வரவில்லை. எனக்கு நிரந்தரமும் வரவில்லை. முழங்கால் போகும்வரை, நிரந்தரம் ஆகாமலே நிரந்தரமாக வேலை பார்த்தேன். அதற்காக ஒருநாளும் நான் மூக்கைச் சிந்தியதில்லை. பாப்பாத்தி இன்றைக்கும் என் காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை போதாது, கசக்கிறது என்கிறாள். அந்த நாக்குச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இன்னொரு கரண்டி போட்டுவிடுகிறேன்.

டீச்சர் எழுதி முடித்துவிட்டார். கடைசியில் உங்கள் பெயரை நானே எழுதிவிடட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் டீச்சர். அந்த மைப்பெட்டியைத் தள்ளுங்கள். திருகின விரல் இதுதான்.